ஸ்கூல் டேஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சொல்லிச் சொல்லி, போன வாரம்தான் ‘ஸ்கூல் டேஸ்’ என்ற அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரைப் பார்த்து முடித்தேன். கடைசி எபிசோடைப் பார்த்தால் தூக்கமே வராது என்றார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மகோட்டோ மாதிரி ஒருவனை எந்தப் பெண்ணாவது திரும்பிப் பார்ப்பாளா? முதல் பாதி வழக்கமான பள்ளிக்கூடக் காதல், இரண்டாம் பாதி சீரியல் அழுகை, கடைசியில் திடீரென்று கத்தி. நம்மை அதிரவைப்பதைத் தவிர அந்த முடிவுக்கு வேறு காரணமே தெரியவில்லை. இதை ஏன் இத்தனை பேர் முக்கியமான படைப்பு என்கிறார்கள்? அடுத்து இதைத்தான் பார்க்கப்போவதாக என் தங்கை சொல்கிறாள். பார்க்கச் சொல்லலாமா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஏமாற்றம் நியாயமானது. எனக்கும் இந்தத் தொடர்மீது வருத்தம் உண்டு. ஆனால் நீங்கள் குறை காணும் இடம் வேறு, நான் காணும் இடம் வேறு. முடிவு திடீரென்று வரவில்லை. அதற்கான எல்லாம் முதல் எபிசோடிலேயே இருக்கிறது. கெட்டுப்போனது நடுப்பகுதி. (இனி கதை முழுவதையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

அந்த முதல் எபிசோடை நினைத்துப் பாருங்கள். ரயிலில் தினமும் பார்க்கும் கோதோனோஹாவை அவளுக்குத் தெரியாமல் மகோட்டோ செல்போனில் படம் எடுக்கிறான். அந்தப் படத்தை யார் கண்ணிலும் படாமல் மூன்று வாரம் போனில் வைத்திருந்தால் காதல் கைகூடும் என்று மாணவர்களிடையே ஒரு நம்பிக்கை. வகுப்பில் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரும் செகாய் அதைப் பார்த்துவிடுகிறாள். காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று, தானே முன்னின்று இருவரையும் சேர்த்துவைக்கிறாள். எபிசோட் முடியும்போது ரயில் நிலையத்தில், செய்த உதவிக்குக் கூலி கேட்பதுபோல, அவனை முத்தமிட்டுவிட்டு ரயில் ஏறிப் போகிறாள்.

அனுமதி கேட்காமல் எடுத்த படம், உதவி என்ற பெயரில் ஒளித்துவைத்த ஆசை, யார் இழுத்தாலும் அந்தப் பக்கம் சாய்கிற பையன். பின்னால் வரும் ரத்தத்துக்கு இந்த மூன்றும் போதும். இதில் செகாயின் பங்கும் சின்னதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தேதான் உள்ளே வருகிறாள். மகோட்டோ ஒருவனைத் திட்டிவிட்டு நகர்ந்தால் இந்த முடிச்சு கண்ணில் படாமல் போய்விடும்.

ஹேரம் கதைகளில் ஓர் எழுதாத ஒப்பந்தம் உண்டு. 1992-இல் வந்த ‘டெஞ்சி முயோ’ அனிமே காலத்திலிருந்தே அது நடப்பில் இருக்கிறது. ஒரு பையன், அவனைச் சுற்றி நான்கைந்து பெண்கள். அவன் யாரையும் தேர்ந்தெடுக்க மாட்டான், தேர்ந்தெடுத்தால் கதை முடிந்துவிடும். அந்தத் தயக்கத்துக்கு நல்ல மனசு என்று பெயர் சூட்டி, எபிசோட் எபிசோடாக ஓட்டுவார்கள். யார் மனமும் உடையாது, உடைந்தாலும் அடுத்த வாரம் சரியாகிவிடும். நிஜத்தில் ஒருவன் இப்படித் தயங்கிக்கொண்டே இருந்தால் அந்தப் பெண்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டதுதான் ‘ஸ்கூல் டேஸ்’ செய்த பெரிய காரியம். அந்தக் கேள்விக்காகத்தான் இதை இன்னும் பேசுகிறார்கள். அந்தக் கேள்விமேல் எனக்கு மரியாதை உண்டு.

அப்புறம் ஏன் ஏமாற்றுகிறது? இது முதலில் 2005-இல் ஓவர்ஃப்ளோ நிறுவனம் வெளியிட்ட விஷுவல் நாவல், அதாவது படித்துக்கொண்டே ஆடும் கணினி விளையாட்டு. அதில் காட்சிகள் அனிமே போலவே ஓடும். முக்கியமான இடத்தில் திரையில் பதில்கள் தோன்றும். குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் எதையும் தொடவில்லை என்றால் கதை காத்திருக்காது. நீங்கள் பேசாமல் இருந்ததையே பதிலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். எவ்வளவு கூர்மையான யோசனை, பாருங்கள்! ஒரு பெண் கேள்வி கேட்டுவிட்டு எதிரே நிற்கிறாள், நீங்கள் யோசித்துக்கொண்டே இருக்கிறீர்கள், அவள் முகம் மாறுகிறது. அந்த மௌனம் உங்களுடையது. விளையாட்டுக்குப் பல முடிவுகள் உண்டு. கொலையில் முடிபவை அவற்றில் ஒரு சிலதான். அங்கே போய்ச் சேர்ந்தால், தவறவிட்ட ஒவ்வொரு இடமும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

கெய்தாரோ மோதோனாகா இயக்கத்தில் 2007-இல் டிஎன்கே ஸ்டூடியோ எடுத்த பன்னிரண்டு எபிசோட் தொடரில் அந்த வசதி இல்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மாற்றாக அவர்கள் செய்ததுதான் தப்பு. விளையாட்டில் தனித்தனிக் கிளைகளில் நடப்பதை ஒரே கோட்டில் கட்டினார்கள். ஒரு கிளையில் மகோட்டோ ஒரு பெண்ணோடு, வேறு கிளையில் வேறு பெண்ணோடு இருந்தான். தொடரில் எல்லாவற்றையும் அவன் ஒருவனே, அடுத்தடுத்து, கூசாமல் செய்கிறான். ஏழாவது எபிசோடுக்குமேல் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று கதைக்கே அக்கறை இல்லை. தயங்குகிறவன் காணாமல் போய்விட்டான், மிச்சம் இருப்பது ஒரு பொறுக்கி. பொறுக்கியை வெறுப்பது சுலபம். நாமும் நிம்மதியாக நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறோம். விளையாட்டு நம்மைக் குற்றவாளிக் கூண்டில் அல்லவா ஏற்றியிருந்தது! உங்களுக்கு வந்த எரிச்சல் இந்த இடமாற்றத்தால் வந்தது என்றே நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய மனக்குறை எனக்கு ஒன்று உண்டு. பள்ளி விழா இரவில் மகோட்டோவின் நண்பன் சாவாநாகா கோதோனோஹாவுக்கு இழைப்பது கொடுமை. கதை அதை அந்தப் பெயரால் கூப்பிடுவதே இல்லை. அவள் மனம் உடைய இன்னொரு காரணம் தேவைப்பட்டது, இது கிடைத்தது என்பதுபோல் கடந்துபோகிறது. வகுப்புப் பெண்கள் கூடி அவளைப் படுத்தும் பாட்டுக்காவது காட்சிகளில் கொஞ்சம் எடை இருக்கிறது. இதற்கு அதுவும் இல்லை. ஒரு பெண்ணின் மனநிலை சிதைவதைக் கதையின் மையமாக வைக்கிறவர்கள் இதை இவ்வளவு அலட்சியமாகக் கையாண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் ஓர் இடத்தில் அவர்கள் அவளோடு நிற்கிறார்கள். அவளுடைய அழைப்பு வராதபடி மகோட்டோ தன் போனில் தடுத்துவிடுகிறான். அதற்குப் பிறகும் அவள் போனைக் காதில் வைத்து அவனோடு பேசிக்கொண்டே இருக்கிறாள், மறுமுனையில் அவன் இருப்பதுபோலவே. குரலில் அழுகையோ கோபமோ இல்லை. காதலனோடு சாதாரணமாக அரட்டை அடிக்கிற பெண்ணின் தொனி. கண்கள் மட்டும் எங்கேயோ இருக்கின்றன. அவளுக்குத் தெரியாமல் அவள் படத்தை வாங்கிக்கொண்ட அதே சாதனம், இப்போது அவள் குரலை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. கடைசியில் செகாய் கத்தியோடு வருவதற்கு முன் மகோட்டோ படிப்பதும் போனில் வரும் செய்தியைத்தான். இந்த ஒரு சரட்டை எடுத்தவர்கள் கடைசிவரை விடவில்லை. அதனால்தான் மொத்தமாக இது தோற்ற தொடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் நண்பர்கள் சொன்ன ‘தூக்கமே வராது’ கதைக்கு வருவோம். 2007 செப்டம்பர் 18 அன்று கடைசி எபிசோட் ஒளிபரப்பாக வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் கியோட்டோ பகுதியில் 16 வயதுப் பெண் ஒருத்தி தன் தந்தையைக் கோடரியால் கொன்ற வழக்கு ஜப்பானை உலுக்கியது. கானாகாவா தொலைக்காட்சி எபிசோடை நிறுத்திவிட்டு இயற்கைக் காட்சிகளை ஓட்டியது. அதில் ஒரு கப்பல் வந்தது. ‘நைஸ் போட்’ என்று இணையத்தில் யாரோ எழுதப்போக, அந்த இரண்டு சொற்களும் உலகம் சுற்றின. தற்செயலாக உண்மையான கடைசிக் காட்சியிலும் ஒரு படகு இருந்தது, அதில் கோதோனோஹா இருந்தாள். அன்றிலிருந்து பலரும் இந்தத் தொடருக்குள் அந்தக் கடைசிக் காட்சிக்காகவே வருகிறார்கள். பதினோரு எபிசோடும் கத்தி எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தால் ரயிலில் எடுத்த படம் எப்படிக் கண்ணில் படும்? உங்கள் நண்பர்கள் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

தங்கையின் வயதை நீங்கள் எழுதவில்லை. பதினெட்டு தாண்டவில்லை என்றால் வேண்டாம். தாண்டியிருந்தால் தடுக்காதீர்கள். விழா இரவைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அது தயாராகாமல் பார்க்க வேண்டிய காட்சி இல்லை. முடிவைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அவள் பார்த்து முடித்த பிறகு, செகாயைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.