பி0171 லீன் கோடு வருகிறது. ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியும் போகவில்லை. ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும்?

பி0171 என்பது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை (லீன்) என்று சொல்லும் பழுதுக் குறியீடு. அது வந்தால் பெரும்பாலும் ஆக்ஸிஜன் சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். புகையில் ஆக்ஸிஜன் மிச்சமிருப்பதை அது சொல்கிறது. பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து இனிமேல் முடியாது என்ற நிலையில் இசியூ (என்ஜினை ஆளும் கணினி) கோடு போடுகிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதைக் கோடு சொல்லாது, ஃப்யூவல் ட்ரிம்தான் (இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) சொல்லும்.

கோடை உடனே அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேம் போய்விடும், எல்டிஎஃப்டியும் (நீண்டகால ட்ரிம்) பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கோடு விழுந்தபோது ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு எவ்வளவு என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். கார் சும்மா நின்றபோது விழுந்ததா, மேடு ஏறும்போது விழுந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

எஸ்டிஎஃப்டி (குறுகியகால ட்ரிம்) அந்த நொடியில் நடக்கும் திருத்தம். எல்டிஎஃப்டி இசியூ கற்று வைத்திருக்கும் திருத்தம். இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். கூட்டினால் 5 சதவீதத்துக்குள் மேலோ கீழோ இருப்பது நல்ல நிலை, 10 வரை பொறுக்கலாம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். அதனால் இ10-க்கு டியூன் செய்த காரில் இ20 போட்டாலே ட்ரிம் 3, 4 சதவீதம் மேலே ஏறும். +6 என்று பார்த்துவிட்டுப் பாகங்களைக் கழற்ற ஆரம்பிக்க வேண்டாம்.

என்ஜின் நன்றாகச் சூடாகி க்ளோஸ்டு லூப் (ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து இசியூ திருத்தும் நிலை) வந்த பிறகு மூன்று நிலைகளில் எண்களை எழுதிக்கொள்ளுங்கள்: ஐடில், நின்றபடியே 2500 ஆர்பிஎம், பிறகு சாலையில் மேடு ஏறும்போது. சாலையில் ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள காரில் ஐடிலில் +20, 2500-இல் +5 என்று இறங்கினால் வேக்கம் லீக். கணக்கு எளிது. ஐடிலில் மாஃப் நொடிக்கு 2.5 கிராம் காற்றை அளக்கிறது, ஓட்டை வழியாக அளக்காத 0.5 கிராம் நுழைகிறது என்று வையுங்கள். அது 20 சதவீதம். 2500-இல் 10 கிராம் வரும்போது அதே 0.5 கிராம் வெறும் 5 சதவீதம். பிசிவி ஹோஸ் (கிராங்க்கேஸ் வாயு வரும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், பர்ஜ் வால்வு ஹோஸ் (டேங்க் ஆவி வரும் குழாய்) ஒவ்வொன்றாகப் பிளையரால் மெதுவாக நசுக்கி எஸ்டிஎஃப்டியைப் பாருங்கள். எதை நசுக்கும்போது சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் காற்று வருகிறது. மூன்றிலும் அசையவில்லை என்றால் மேனிஃபோல்டு கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓரிங். அதற்கு ஸ்மோக் டெஸ்ட் (புகை விட்டு ஓட்டையைக் கண்டுபிடிப்பது) செய்யச் சொல்லுங்கள். சூடான என்ஜின் மேல் கார்புரேட்டர் க்ளீனர் அடித்துத் தேடுவது தீப்பிடிக்கும் வேலை.

இதற்கு நேர்மாறாக ஐடிலில் சரியாக இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் கூடினால் இரண்டு சந்தேகம்: பெட்ரோல் போதவில்லை, அல்லது மாஃப் அழுக்காகிக் காற்றைக் குறைத்துச் சொல்கிறது. முழு ஆக்சிலரேட்டரில் இசியூ ஓபன் லூப்புக்குப் போய்விடும், அங்கே ட்ரிம் உதவாது. முன் ஆக்ஸிஜன் சென்சார் வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண வகை சென்சாரில் 0.8-க்கு மேல் நிற்க வேண்டும். கீழே விழுந்தால் பெட்ரோல் பிரஷர் கேஜ் மாட்டி அதே ஓட்டத்தில் பிரஷர் பாருங்கள். பிரஷர் இறங்காமல் நின்றால் மாஃப் சுத்தம் செய்யுங்கள், அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும். பிரஷர் இறங்கினால் பம்ப், டேங்கில் இருக்கும் ஸ்ட்ரெய்னர், அல்லது பம்புக்குக் குறைந்த வோல்ட் போவது. பம்ப் வாங்கும் முன் அதன் சாக்கெட்டில் வோல்ட் அளப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

மூன்று நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு +15 இருந்தால் இன்ஜெக்டர் அடைப்பு, அல்லது எல்லா வேகத்திலும் பிரஷர் குறைவு. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் லீக் இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்ப் பொய்யாக லீன் காட்டும். மிஸ்ஃபயரும் அப்படியே: எரியாத ஆக்ஸிஜன் வெளியே வருகிறது. ஆகவே பிளக், காயில் சந்தேகம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

உங்கள் காரில் மாஃப் இல்லாமல் மேப் சென்சார் (மேனிஃபோல்டு பிரஷரை அளப்பது) மட்டும் இருந்தால் (நம் ஊர்ச் சின்னக் கார்கள் பல இப்படித்தான்) மேலே சொன்ன வேக்கம் லீக் கணக்கு பொருந்தாது. ஓட்டை வழியாக வரும் காற்றையும் மேப் பார்த்துவிடும், அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். ட்ரிம் பெரிதாக அசையாமல் ஐடில் ஆர்பிஎம் ஏறும், மேப் வழக்கமான 30–40 கிலோபாஸ்கலைத் தாண்டும். அந்தக் காரில் லீன் கோடு வந்தால் ஹோஸைத் தேடுவதை விட்டுவிட்டுப் பெட்ரோல் பிரஷரிலும் எக்ஸாஸ்ட் லீக்கிலும் தொடங்குங்கள். மேப் சென்சாரைச் சோதிக்க, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். சென்னையில் 100 கிலோபாஸ்கல் அருகே காட்ட வேண்டும், ஊட்டியில் 77 அருகே.

பழுதைச் சரிசெய்த பிறகு கோடை அழித்து, அதே மூன்று நிலைகளில் ட்ரிமை மறுபடி எழுதிப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். விளக்கு அணைந்ததை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்டிஎஃப்டி மறுபடி கற்று ஏற நேரம் எடுக்கும், கோடு சில நாள் கழித்துத் திரும்ப வரலாம்.