வாசகர் கேள்வி: சண்டையா, பிராண்டா?

கேள்வி: குத்துச்சண்டையில் ஒரு பெரிய மோதல் வந்தால் ஊரே பேசுகிறது. எம்எம்ஏ எனும் கலப்புத் தற்காப்புக் கலைச் சண்டை வாராவாரம் நடந்தும் அந்தப் பரபரப்பு இல்லையே, ஏன்?
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: குத்துச்சண்டையில் விற்பது ஆளை. எம்எம்ஏவில் விற்பது நிறுவனத்தின் பெயரை. என் மச்சான் ஞாயிறு காலையில் காப்பியும் கையுமாக, எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி நிறுவனத்தின் ஒளிபரப்பு முன் உட்கார்ந்துவிடுவார். யார் மோதுகிறார்கள் என்று கேட்டால், "தெரியாது, யூஎஃப்சி இருக்கு" என்பார். விளம்பரக்காரர்களுக்கு அவர்தான் தங்கமான ரசிகர்!

குத்துச்சண்டை வீரர்கள் மேவெதர், பாக்கியாவ் மோதலைப் பாருங்கள். 2009இல் பேச்சு தொடங்கி, 2015 மே 2 அன்றுதான் மேடை ஏறினார்கள். ஆளுக்கொரு போட்டி ஏற்பாட்டாளர், ஆளுக்கொரு தொலைக்காட்சி. கடைசியில் எச்பிஓவும் ஷோடைமும் சேர்ந்தே ஒளிபரப்பின. இத்தனை வருட இழுபறியே இலவச விளம்பரம். ஆனால் அன்றைய துணைப் போட்டிகளில் யார் ஆடினார்கள்? யாருக்கும் நினைவில்லை. குத்துச்சண்டையில் பட்டம் தரும் பெரிய அமைப்புகளே நான்கு. யார் உண்மையான சாம்பியன் என்பதே குழப்பம்.

யூஎஃப்சியில் வீரர்கள் ஒரே நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருப்பதால் மோதலைச் சீக்கிரம் முடிவு செய்துவிடலாம். 2005இல் வீரர்களை ஒரே வீட்டில் தங்கவைத்து ரியாலிட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். மக்கள் முதலில் அவர்களின் சச்சரவைப் பார்த்தார்கள், அப்புறம் சண்டையை.

2011இல் நம் சிங்கப்பூரின் காலாங் உள்ளரங்கில் தொடங்கிய ஒன் சாம்பியன்ஷிப் என்ற எம்எம்ஏ நிறுவனம் வேறு வழியில் போனது: மரியாதை, பணிவு, ஆசியத் தற்காப்புக் கலை. செய்தியாளர் கூட்டத்தில் நாற்காலி பறப்பதைவிட எனக்கு இதுவே பிடிக்கும். ஆனால் டிக்கெட்டை விற்றுத் தருவதென்னவோ பறக்கும் நாற்காலிதான்.