இரண்டு மணி நேரம், நான்கு பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகளின் தோழிகள் ஒரு முறை பாடத்தை முடித்து ரிவிஷனுக்கே போய்விட்டார்கள், இவள் மட்டும் இரண்டு மணி நேரத்தில் நான்கு பக்கம்தான் நகர்கிறாள், இப்படி இருந்தால் நாளைக்கு வேலையில் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் புரிகிறது. ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள்?

மேசை மேல் போன் இருந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கை அதன் பக்கம் போனால், அது நிதானமான படிப்பு இல்லை, சிதறிப்போன படிப்பு. நான்கு நிறப் பேனாவில் அழகாக நோட்ஸ் எழுதி, பிடிக்காமல் கிழித்து மறுபடி எழுதுகிறாள் என்றாலும் எனக்குக் கவலைதான். அது பயம் போடும் வேடம். ஒரு பத்தியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, 'இது ஏன் இப்படி?' என்று அசை போடுகிறாள் என்றால் தயவுசெய்து அவளைத் துரத்தாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பவும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்ததும் தாளை வைத்துவிட்டு, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. எனக்குப் பிடித்த விஷயம் இனிமேல்தான். அவர்களுடைய அடுத்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களே 'எனக்கு நிறைய நினைவிருக்கும்' என்று அதிகம் நம்பினார்கள். ஒரு முறை முடித்து ரிவிஷனுக்குப் போய்விட்டோம் என்ற தோழிகளின் தெம்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணுக்குப் பழகிய பக்கம் தெரிந்த பக்கம் போலத் தோன்றும், அவ்வளவுதான்.

நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் இதே கதைதான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, 1885-ல் ஒரு கணக்கை வெளியிட்டார். பொருளற்ற அசைகளை ஒரே நாளில் 68 முறை சொல்லி மனப்பாடம் செய்ததற்கு, மூன்று நாளில் பிரித்துச் சொன்ன 38 முறை ஈடாக இருந்தது. ஆக, மெதுவாகப் படித்தால் நேரம் வீண் என்பது முழுக்கச் சரியில்லை. பல நேரம் அதுதான் சிக்கனம்.

அதனால் மகளிடம் 'சீக்கிரம் படி' என்பதற்குப் பதிலாக இப்படிச் செய்யச் சொல்லுங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். முப்பது, நாற்பது நிமிடம் படித்ததும் ஒரு வெற்றுத்தாளில் புத்தகம் பார்க்காமல் எழுதட்டும். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும். மறுநாள் புதுப் பாடத்துக்கு முன் ஐந்து நிமிடம் பழையது, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீடியோ பாடத்தை இரட்டை வேகத்தில் ஓட்டுகிறாளா? அதற்குச் சண்டை வேண்டாம். 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அந்த வேகம் வரை புரிதல் பெரிதாகக் குறையவில்லை. நடுவில் நிறுத்தி யோசிக்கிறாளா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். நேர்முகத் தேர்வில் முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவார்கள். 'ஏன் அப்படிச் செய்தீர்கள், வேறு வழி இல்லையா?' என்ற இரண்டாவது கேள்வியில்தான் நுனிப்புல் மேய்ந்தவர்கள் தடுமாறுகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகும் கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். அடிப்படை தெரிந்தவர் புதியதைப் பழையதோடு ஒட்டிப் பார்த்து விரைவில் பிடித்துக்கொள்வார். அடிப்படை இல்லாதவருக்கு ஒவ்வொரு மாற்றமும் முதல் வகுப்புதான்.

சரி, தேர்வுக்கு நேர வரம்பு உண்டே என்பீர்கள். உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். வேகம் தனிப் பயிற்சி. புரிந்த பாடத்தில் மட்டும், தேர்வுக்கு ஆறு வாரம் முன்பிருந்து, பழைய வினாத்தாளை எடுத்துக் கடிகாரம் வைத்து எழுதட்டும். புரியாத பாடத்தில் கடிகாரம் வைத்தால் பதற்றம்தான் பழகும்.

இன்னொன்று. எளிய கதைப் புத்தகத்தைப் படிக்கவும் அவள் திணறுகிறாள், வரி தவறுகிறது, எழுத்துகள் குழம்புகின்றன என்றால் விஷயம் வேறு. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் ஒரு முறை பார்த்துவிடுங்கள். திட்டித் தீர்க்கக்கூடியது அல்ல அது.

இந்த வாரம் ஒரு நாள், அவள் படித்து முடித்ததும், பக்கத்தில் உட்கார்ந்து 'இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லேன்' என்று கேளுங்கள். ஒப்பிக்கச் சொல்வது போல வேண்டாம், உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்கிற ஆவலோடு கேளுங்கள். அவள் எங்கே தயங்கினாள், எங்கே கண் மலரச் சொன்னாள் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதை வைத்துப் பேசுவோம்.