கேள்வி பதில்: கணவரை வெளியே நிறுத்திய கோமகள்

கேள்வி: லண்டன் நேஷனல் கேலரியில் தொங்கும் 'அவலட்சண சீமாட்டி' ஓவியம் டிரோல் நாட்டை (இன்றைய ஆஸ்திரியா-இத்தாலி எல்லைப் பகுதி) ஆண்ட மார்கரெட்டுடையதாமே? கட்டிய கணவனையே துரத்தியவர் என்கிறார்கள், நிஜமா? (வாசகி ஒருவர், கரூர்)

பதில்: துரத்தியது நிஜம். முகம்தான் அவருடையது இல்லை. க்வென்டின் மாட்சிஸ் அதை வரைந்தது 1513 வாக்கில், மார்கரெட் இறந்ததோ 1369-இல். அவர் காலத்திலேயே வாழ்ந்த வின்டர்தூர் ஜான் என்ற துறவி, அவரைப் பேரழகி என்றுதான் எழுதியிருக்கிறார். கணவனைத் தள்ளிவைத்த ஆத்திரத்தில் எதிரிகள் கட்டிவிட்ட பட்டம்தான் அந்த அவலட்சணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மானிய அரசர்கள் ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குப் போக வசதியான பிரென்னர் கணவாய் டிரோலில் இருந்தது, அங்கே ஆண் வாரிசும் இல்லை, மார்கரெட்தான் வாரிசு, அப்புறம் கேட்க வேண்டுமா? லக்சம்பர்க், விட்டெல்ஸ்பாக், ஹாப்ஸ்பர்க் என மூன்று குடும்பங்களும் கண் வைத்தன. 1330-இல் 12 வயது மார்கரெட்டை லக்சம்பர்க் குடும்பத்துப் பொகீமிய (இன்றைய செக் நாடு) ராஜாவின் மகன் ஜான் ஹென்றிக்குக் கட்டிவைத்தார்கள். மாப்பிள்ளைக்கு வயது 8! இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை, லக்சம்பர்க்காரர்களின் அதிகாரம் உள்ளூர்ப் பிரபுக்களுக்கும் பிடிக்கவில்லை. 1341 நவம்பரில் வேட்டைக்குப் போய்த் திரும்பிய ஜான் ஹென்றிக்கு டிரோல் கோட்டைக் கதவு திறக்கவே இல்லை. பிரபுக்களும் கூட்டு என்பதால் வேறெங்கும் இடம் கிடைக்காமல், கடைசியில் வட இத்தாலியின் அக்விலேயா நகரத் தலைமை ஆயரிடம் போய் அடைக்கலம் புகுந்தார்.

மூன்றே மாதத்தில், 1342 பிப்ரவரியில், விட்டெல்ஸ்பாக் குடும்பத்துப் பேரரசர் லுட்விக்கின் மகனை மார்கரெட் மணந்துகொண்டார். முதல் கல்யாணத்தில் தாம்பத்தியமே நடக்கவில்லை, அதனால் அது செல்லாது என்பது வாதம். (பின்னாளில் ஜான் ஹென்றி மறுமணம் செய்து வரிசையாகப் பிள்ளை பெற்றது வேறு கதை.) ஆங்கிலேயத் தத்துவவாதி ஆக்கம் ஊர் வில்லியம் (William of Ockham) மாதிரி பெரிய அறிஞர்களே பேரரசருக்காக எழுதினார்கள். போப் மசியவில்லை, தம்பதியைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைத்து, டிரோல் முழுக்க வழிபாட்டையே நிறுத்தினார். பாவம், ஜனங்கள் என்ன செய்தார்கள்? 1347-இல் ஜான் ஹென்றியின் அண்ணன் சார்லஸ் படையோடு வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது புதுக் கணவர் ஊரில் இல்லை, மார்கரெட்தான் நின்று காப்பாற்றினார். கோபத்தில் சார்லஸ் மெரான் நகரைக் கொளுத்திவிட்டுப் போனார்.

கேள்வி: அவ்வளவு போராடியவர் நாட்டை ஏன் ஹாப்ஸ்பர்க்கிடம் கொடுத்தார்? (அதே வாசகி)

பதில்: 1361-இல் இரண்டாவது கணவர் இறந்தார், 1363 ஜனவரியில் உயிரோடிருந்த ஒரே மகன் மைன்ஹார்ட்டும் போனான். அடுத்த இரண்டே வாரத்தில் ஆஸ்திரிய கோமகன் நான்காம் ருடால்ஃபுக்கு டிரோலை எழுதிக் கொடுத்துவிட்டார். மருமகள் ருடால்ஃபின் தங்கை, போப்பின் விலக்கம் 1359-இல் நீங்கவும் ஹாப்ஸ்பர்க்காரர்களே உதவினார்கள். பவேரிய விட்டெல்ஸ்பாக்குகள் சும்மா விடுவார்களா? 1369 வரை சண்டை போட்டு, ஷார்டிங் ஒப்பந்தத்தில் பெருந்தொகை வாங்கிக்கொண்ட பிறகே ஒதுங்கினார்கள். மார்கரெட் அதே ஆண்டு வியன்னாவில் இறந்தார். டிரோலோ, நெப்போலியன் காலத்துச் சில வருடங்கள் தவிர, 1918 வரை ஹாப்ஸ்பர்க் கையில்தான் இருந்தது.