வெளி வல்லுநரிடம் எதைக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள பன்னிரண்டு சிறு தொழிலகங்கள் சேர்ந்து, வெளியில் இருக்கும் பொறியாளர்களும் உலோகவியலாளர்களும் எங்கள் திட்டங்களில் பங்கெடுப்பதற்கான இணையதளம் ஒன்றைத் தொடங்க முடிவு செய்திருக்கிறோம். மென்பொருள் நிறுவனம் ஒன்று 8 லட்ச ரூபாயும் ஆறு மாத அவகாசமும் கேட்கிறது. பொங்கலுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. தளத்தில் என்னென்ன வசதிகள் அவசியம்? வல்லுநர்களை எப்படி வரவழைப்பது?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: உங்கள் முயற்சி நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதனாலேயே, மென்பொருள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைச் சில வாரங்கள் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தோடு வந்த வசதிகளின் பட்டியல் இரண்டு பக்கம் நீள்கிறது. ஆனால் அந்தத் தளத்தில் முதன்முதலாக எந்தப் பிரச்சினையை முன்வைக்கப் போகிறீர்கள் என்பது கடிதத்தில் எங்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு தளத்தைத் தொடங்கிய குழுவில் நானும் இருந்தேன். அலுமினியத்தில் பம்ப் உறை வார்க்கும் பட்டறை ஒன்று, ‘வார்ப்பில் ஓட்டை விழுகிறது, தீர்வு தேவை’ என்று ஒற்றை வரியில் எழுதிப்போட்டது. வந்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊகமாக இருந்தன. ஒன்றரை மாதம் கழித்து, வார்ப்படத் தொழிலில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் பதில் சொல்லாமல் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்டார். ஓட்டையின் உட்புறம் வழவழப்பான உருண்டையாக இருக்கிறதா, சொரசொரப்பாக ஒழுங்கற்று இருக்கிறதா? தடித்த பகுதியில் மட்டும் விழுகிறதா, எல்லா இடத்திலுமா? எந்தெந்த மாதங்களில் கழிவு, அதாவது குறையால் ஒதுக்கப்படும் வார்ப்பு, அதிகம்?

ஃபோர்மேன் ஓர் உறையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். மிளகைவிடச் சிறிய உருண்டைக் குழிகள் வெட்டுமுகம் முழுவதும் பளபளத்தன. உருகிய உலோகம் இறுகிச் சுருங்கும்போது போதிய உலோகம் வந்து சேராமல் விழும் குழி, பெரும்பாலும் தடித்த பகுதியில், சொரசொரப்பாக இருக்கும். வழவழப்பான உருண்டைக் குழி வாயுவின் வேலை. கழிவுப் பதிவேட்டைப் புரட்டியபோது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை எண்ணிக்கை ஏறியிருந்தது தெரிந்தது. வடகிழக்குப் பருவமழையின் ஈரம், தகரக் கொட்டகையில் அடுக்கியிருந்த அலுமினியக் கட்டிகளிலும் பழைய துண்டுகளிலும் படிந்து, அப்படியே உலைக்குள் போயிருக்கிறது. உருகிய அலுமினியம் நீரிலிருந்து ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும்; இறுகும்போது அதைத் தாங்கிவைக்க முடியாமல் வெளியே தள்ளும்; தப்ப முடியாத வாயு குழியாக நின்றுவிடும். கட்டிகளைச் சூடேற்றி உலர்த்திய பின் உலையில் போடுவது, வார்க்கும் முன் உருக்கிலிருந்து வாயுவை நீக்குவது என்று வழி தெரிய நான்கே நாள் ஆனது.

தளத்தின் மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. கேள்வியில்தான் குறை இருந்தது. முதலாளிக்கு உட்கார்ந்து எழுத நேரம் இல்லை. ஃபோர்மேனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எழுதிப் பழக்கம் இல்லை. ஆகவே உங்கள் 8 லட்சத்தில் முதல் செலவு ஓர் ஒருங்கிணைப்பாளரின் சம்பளமாக இருக்கட்டும். அவர் பட்டறைக்கு நேரில் போய், ஃபோர்மேன் தமிழில் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, ஒரே பக்கத்தில் எழுத வேண்டும்: என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து நடக்கிறது, இதுவரை எதைச் செய்து பார்த்துப் பலிக்கவில்லை, எது நடந்தால் பிரச்சினை தீர்ந்ததாக ஒப்புக்கொள்வீர்கள், அதற்கு எவ்வளவு தருவீர்கள். நான்காவதை எழுதத் தவறியதால் நல்ல வல்லுநர்கள் மனக்கசப்போடு விலகியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குறிப்பு உங்கள் துறைக்கு வெளியே இருப்பவருக்கும் புரிய வேண்டும். எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் முயற்சியில் 2001-இல் தொடங்கிய இன்னோசென்டிவ் என்ற தளத்தில், அலாஸ்காவின் எண்ணெய்க் கசிவு மீட்பு நிறுவனம் ஒரு சிக்கலை முன்வைத்தது. கடலிலிருந்து மீட்ட எண்ணெய் கடுங்குளிரில் கெட்டிப்பட்டு, படகுகளிலிருந்து பம்ப் செய்து எடுக்க முடியாமல் போகிறது என்பதே அது. 2007-இல் அதைத் தீர்த்து 20,000 டாலர் பரிசு பெற்றவர் எண்ணெய்த் துறைக்காரர் அல்லர். கான்கிரீட் தொழிலோடு பழக்கம் உள்ள ஒரு வேதியியலாளர். நம் ஊரில் வீட்டுக்குத் தளம் போடும் நாளில் கான்கிரீட் இறுகாமல் பரவுவதற்காக வைப்ரேட்டரை விடுகிறோமே, அதே அதிர்வைத்தான் அவர் எண்ணெய்க்கும் பரிந்துரைத்தார். எண்ணெய்க்காரர்களின் குழூஉக்குறியில் மட்டும் கேள்வி எழுதப்பட்டிருந்தால் அவர் அதைக் கடந்து போயிருப்பார்.

வல்லுநர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-இலிருந்து ரயில் பெட்டிகள் செய்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஓய்வு பெற்றவர்கள் பலர் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் உங்கள் அம்பத்தூரிலுமே வசிக்கிறார்கள். பிளாஸ்டிக் என்றால் கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய அரசு நிறுவனம் உண்டு. புதிய வடிவமைப்புகளுக்குத் தரமணியில் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா உண்டு. விளம்பரத்தைவிட, நன்றாக எழுதப்பட்ட ஒரு பக்கக் குறிப்போடு நேரில் போய்ப் பேசுவது பலன் தரும்.

முதல் மூன்று திட்டங்களை மின்னஞ்சலும் ஒரு பகிர்வுக் கோப்புறையும் மட்டும் வைத்து நடத்திப் பாருங்கள். எங்கே இடறுகிறதோ அந்த வசதியைத்தான் மென்பொருளில் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் முதலில் இடறுவது டிராயிங்தான்: பட்டறையில் திருத்திய வரைபடமான ரிவிஷன் 4 ஓடிக்கொண்டிருக்கும்போது வல்லுநர் ரிவிஷன் 3-ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். நடப்பில் உள்ள டிராயிங் எது என்பதை ஒரே இடத்தில் காட்டுவதுதான் இப்படிப்பட்ட தளத்தின் முதற்பணி என்பேன். அதுவரை வாட்ஸ்அப்பில் புகைப்படம் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தெளிவு குறைந்து, விரிசலின் நுனி தெரியாமல் போகும்.

கேள்வி: இப்படிப்பட்ட தளத்தில் சேர எங்களையும் அழைக்கிறார்கள். டிராயிங்கை வெளியாரிடம் காட்டினால் போட்டியாளர் கைக்குப் போய்விடாதா?
– வாசகர், கிண்டி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. எல்லோரும் பார்க்கும் குறிப்பில் வாடிக்கையாளர் பெயரும் அளவுகளும் இருக்கக் கூடாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு மட்டுமே டிராயிங் திறக்க வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜாப் ஆர்டரில், அதாவது வாடிக்கையாளர் கேட்டபடி, செய்து கொடுக்கும் பொருளானால் அந்த டிராயிங் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது, அவருடைய எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைப் பகிர்வது சரியாகாது. புதிய கண்டுபிடிப்பு என்றால், பொதுவில் வெளியிடுவதற்கு முன்பே காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய அதன்பின் 12 மாத அவகாசம் உண்டு.

கேள்வி: ஓய்வு பெற்ற வடிவமைப்பாளன் நான். ஒரு திட்டத்துக்கு வரைந்து கொடுத்துக் கட்டணமும் வாங்கிவிட்டேன். அந்த வரைபடங்கள் இப்போது யாருக்குச் சொந்தம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பணம் கொடுத்தவருக்கே சொந்தம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொதுவாக அப்படிச் சொல்வதில்லை. மாதச் சம்பளத்தில் வேலை செய்பவர் அந்த வேலையின் பகுதியாக வரைந்தால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். உங்களைப் போல் வெளியிலிருந்து வரைந்து கொடுப்பவர், எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுத்தாலன்றி, வரைபடத்தின் பதிப்புரிமை அவரிடமே இருக்கும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இது தெரியாமல் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு தொடங்கி, பொருள் விற்பனைக்கு வந்த பிறகு வக்கீல் நோட்டீஸில் முடிவது வேதனையானது. அம்பத்தூர் வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும்: வல்லுநர் தளத்தில் பதிவு செய்யும்போது ஒரு பெட்டியில் குறியிட வைத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக, எந்த வரைபடம், எவ்வளவு காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே வல்லுநருக்கு டிராயிங்கைத் திறந்துவிடுங்கள்.