பியானோ வாங்கலாம் டீச்சர், ஆனால் அந்தப் பணத்தில் வேண்டாம்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 44. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கீபோர்டும் வாய்ப்பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். 28 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்). சிலருக்கு மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்கே போய்ச் சொல்லிக்கொடுப்பேன். தேவாலயத்துப் பாடகர் குழுவை நடத்துவதற்கு மாதம் 350 வெள்ளி தருகிறார்கள். ஆக 2,590 வெள்ளி. வீட்டில் அம்மாவும் நானும்தான், செலவு 2,000 வெள்ளிக்குள். ஆனால் கணக்குப்படி மிஞ்ச வேண்டிய பணம் மிஞ்சுவதில்லை. பள்ளி விடுமுறை வரும் இரண்டு மாதங்களில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், வராதவர்களிடம் நான் வாங்குவதும் இல்லை. வங்கியில் 14,000 வெள்ளி இருக்கிறது. முன்பு கடையில் வேலை செய்த காலத்து இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 9,000 வெள்ளி. இப்போது ஈப்போவில் ஒரு பழைய ஜப்பான் பியானோ 11,000 வெள்ளிக்கு வருகிறது. கிரேடு தேர்வுக்கு (படிப்படியான இசைத் தேர்வு) அது வேண்டும் என்கிறார்கள் பெற்றோர். வாங்கலாமா?

பதில்: டீச்சர், மிஞ்சாத பணம் எங்கே போகிறது என்பதற்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டு மாதம், 14 பிள்ளைகள், 80 வெள்ளி. ஆண்டுக்கு 2,240 வெள்ளி. உங்கள் உண்மையான மாத வருமானம் 2,590 இல்லை, 2,400 சொச்சம்தான். வீட்டு வாடகையும் அம்மாவின் மருந்தும் மட்டும் 12 மாதமும் தவறாமல் வருகின்றன.

அதனால் முதலில் கட்டண முறையை மாற்றுங்கள். ஆண்டுக் கட்டணம் 960 வெள்ளி, அதை 12 மாதமாகக் கட்டலாம் என்று சொல்லிவிடுங்கள். தொகை ஒரு காசுகூட ஏறவில்லை. "வராத மாதத்துக்கும் காசா டீச்சர்?" என்று யாராவது கேட்பார்கள்தான். அந்தப் பிள்ளையின் இடத்தை நீங்கள் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள், அதற்குத்தான் என்று சொல்லுங்கள். விடுமுறையில் இருக்கிற பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து இரண்டு குரலில் ஒரு பாட்டைப் பழக்கினால் பேச்சே எழாது. தோட்டப் பக்கத்தில் இப்படிக் கேட்பது கூச்சமாக இருக்கும், எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் நீங்கள்தான் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். கட்ட முடியாத வீடு என்று உங்களுக்கே தெரிந்த ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுங்கள். ஆனால் அதை நீங்களே முடிவு செய்து கொடுங்கள். பள்ளி நாள்காட்டி முடிவு செய்ய வேண்டாம்.

அப்படி மீளும் 2,240 வெள்ளியோடு இன்னொரு 260 வெள்ளியைச் சேர்த்தால் 2,500. இதை ஆண்டுதோறும் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் போடுங்கள். சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் இது. நீங்கள் போடும் தொகையில் 20 விழுக்காட்டை, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, அரசாங்கம் சேர்த்துக் கொடுக்கிறது. வாழ்நாளுக்கு 5,000 வெள்ளி என்று வரம்பு இருப்பதால் பத்து ஆண்டுகளுக்கு அந்த 500 கிடைக்கும். இபிஎஃப் 2023க்கு 5.5 விழுக்காடும் 2024க்கு 6.3 விழுக்காடும் லாப ஈவு கொடுத்தது. நான் 5 என்றே வைத்துப் பார்த்தேன். 60 வயதில் இது மட்டும் 67,000 வெள்ளிக்கு மேல் வருகிறது. பழைய 9,000 தனியாக ஏறத்தாழ 19,600 ஆகியிருக்கும். பெரிய பணக்காரியாக மாட்டீர்கள். ஆனால் இன்றைக்கு உங்கள் முதுமைக்கென்று இருப்பது அந்த 9,000 மட்டும்தானே.

ஒரே தடவையில் போட வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பால்மரம் வெட்டியவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத்தான் வாங்கினார். அதில் தோட்டங்களையே வாங்கினார்கள். மாதம் 210 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பியானோ. 14,000இல் 11,000 போனால் மீதி 3,000, உங்கள் செலவுக்கு ஒன்றரை மாதம். பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டினால் அந்த வாரம் வருமானம் இல்லை, மருத்துவ விடுப்புச் சம்பளம் கொடுக்க முதலாளியும் இல்லை. ஆறு மாதச் செலவான 12,000 வெள்ளியைத் தொடவே கூடாது என்பது என் பிடிவாதம். இன்னொன்றும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் பழைய பியானோவின் மரம் உப்பும், கம்பி துருப்பிடிக்கும், சுருதி இறங்கும். ஆண்டுக்கு இரண்டு தடவை சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். விலைச் சீட்டில் இதெல்லாம் இருக்காது.

கிரேடு தேர்வுக்கு இதுதான் வேண்டும் என்பதும் முழுக்கச் சரியில்லை. கிரேடு தேர்வுகளை நடத்தும் பிரிட்டன் அமைப்பான ஏபிஆர்எஸ்எம் 2020 முதல் வாசிப்பதைக் காணொளியாகப் பதிவு செய்து அனுப்பும் தேர்வையும் நடத்துகிறது. அதற்கு எடையுள்ள 88 கட்டை கொண்ட டிஜிட்டல் பியானோவே போதும். 3,000 வெள்ளிக்குள் புதிதாகவே கிடைக்கும். வங்கியில் 12,000 போக 2,000 மிஞ்சுகிறது. மீதியைச் சில மாதங்களில் சேர்த்துவிடலாம். அதில் கிரேடு பிள்ளைகள் ஐந்து பேர் சேரட்டும், அவர்களுக்குக் கட்டணம் கூட்டுங்கள். மரப் பியானோவை அப்புறம் அந்தப் பணத்தில் பார்க்கலாம்.

மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போகிறீர்கள் என்பதால் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்தில் இந்த வாரமே சேருங்கள். மிகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 157.20 வெள்ளி. வேலைக்குப் போகும் வழியில் விழுந்தால் கைகொடுப்பது இது. சாதாரணக் காய்ச்சலுக்கு உதவாது.

கடைசியாக, நீங்கள் கேட்காதது. கல்யாணங்களுக்கும் பாடகர் குழுவோடு போவீர்கள் அல்லவா? கடிதத்தில் அந்த வருமானமே இல்லை. துக்க வீட்டில் காசு வாங்காதீர்கள். கல்யாண வீட்டில், மேடை அலங்காரத்துக்குக் கொடுப்பதில் கால்வாசியாவது, கூச்சப்படாமல் கேளுங்கள்.