லேசிக் செய்துகொள்ளத் தவணை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 38, இரண்டு கண்ணிலும் தூரப் பார்வைக்குப் பவர் மைனஸ் 4. கண்ணாடியை விடுவதற்கான லேசர் அறுவையான லேசிக் செய்துகொள்ள ஆசை. செலவு என் இரண்டு மாதச் சம்பளம் வரும். கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், அதைக் கழுவும் திரவம் என்று வருஷத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு போகிறது, ஆகவே ஆறு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும். வட்டியில்லாத் தவணை தருகிறார்கள். அவசரத்துக்கென்று மூன்று மாதச் செலவுக்கான பணம் வைத்திருக்கிறேன். தவணையா, அந்தப் பணமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கணக்கில் வெள்ளெழுத்து விட்டுப்போயிருக்கிறது. நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போய்க் கிட்டத்துப் பார்வை மங்கும், இது எல்லாருக்கும் வருவது. லேசிக் கருவிழியைச் செதுக்கி அதன் வளைவை மாற்றுகிறதே தவிர உள்ளே இருக்கும் லென்ஸைத் தொடுவதில்லை, அதனால் இதைத் தடுக்காது. ஆறு வருஷத்தில் உங்களுக்கு 44. போட்ட காசு திரும்புகிற நேரத்தில் படிக்கிற கண்ணாடி வாங்க நிற்பீர்கள். இன்னொன்று, மைனஸ் 4 இருப்பவர் மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஐம்பது வயதிலும் படித்துவிடுவார். தூரப் பார்வையை முழுசாகச் சரிசெய்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கிற முறையும் இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் ஒத்துவராது. மருத்துவரிடம் சொல்லி முதலில் கான்டாக்ட் லென்ஸிலேயே கொஞ்ச நாள் ஒத்திகை பாருங்கள், காசும் அதிகம் ஆகாது.

அதற்காகச் செய்யாதீர்கள் என்று சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியைத் துழாவாமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க உங்களுக்கு இஷ்டமென்றால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் முதலீடு என்று சொல்லாதீர்கள், இது செலவு, ஆசைப்பட்டுச் செய்கிற செலவு. அதைக் கடனில் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மூன்று மாதக் கையிருப்பே குறைவு, அதில் கை வைக்கவே கூடாது.

'வட்டியில்லா' என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் அபராதம் என்ன, அப்புறம் முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் வட்டி பல சமயம் ஒளிந்திருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிற விலை ஒரு கண்ணுக்கானதா, பரிசோதனையும் சொட்டு மருந்தும் அதில் அடக்கமா, பவர் கொஞ்சம் மிஞ்சி மறுபடி லேசர் செய்ய வேண்டி வந்தால் யார் தலையில் விழும், இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டை ரொம்ப நம்ப வேண்டாம், பெரும்பாலான பாலிசிகள் இதை அவசியச் சிகிச்சையாகக் கணக்கில் எடுப்பதில்லை.

பவர் மாறாமல் நின்றுவிட்ட கண்ணுக்கு அவசரம் ஒன்றுமில்லை. அந்தத் தவணைத் தொகையை மாதாமாதம் உங்கள் கணக்கிலேயே போட்டு வாருங்கள், சேர்ந்ததும் மொத்தமாகக் கட்டுங்கள்.

இப்போதைக்குச் செலவழிப்பதென்றால் பரிசோதனைக்கு மட்டும். மென் லென்ஸ் போடுபவர் அதற்கு ஓரிரு வாரம் முன்பே லென்ஸை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கருவிழியின் அளவு சரியாக வராது. கருவிழி மெலிதாக இருந்தாலோ, கூம்பிக்கொண்டு வந்தாலோ, கண் ரொம்ப வறண்டிருந்தாலோ மருத்துவரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதனால் அறிக்கை கைக்கு வருமுன் முன்பணம் கட்டாதீர்கள். மெலிந்த கருவிழிக்கு பி.ஆர்.கே. என்று வேறு லேசர் முறை சொன்னால், லேசிக்கில் மறுநாளே ஓரளவு தெளிவாகிற பார்வை இதில் தெளியப் பல நாள் ஆகும். லீவு எடுத்தால் சம்பளம் பிடிப்பார்கள் என்றால் அதையும் செலவில் சேர்க்க வேண்டும்.

செய்துகொண்டால், அறுவைக்கு முன் எடுத்த அளவுகளின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, லேசிக் ஆன கண்ணில் பவர் கணக்கிடுவது சிரமம், அப்போது மருத்துவர் அதைக் கேட்பார்.